கருப்பாயிக்கு வந்த வெள்ளைச் சீட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக யோசித்துவிட்டேன். இந்தத் தொடரில் திருமழிசை எஸ்டேட்டில் லேத் ஓட்டின கதையைச் சொன்னேன். கொரட்டூரில் குடியிருந்தபோது மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த கதையைச் சொன்னேன். இதை மட்டும் வாரா வாரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

பேனாவை எடுத்தால் அம்மன் முகம் முன்னால் வந்து நிற்கும். என்னால் அவள் பேருக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாதே என்று மூடி வைத்துவிடுவேன். அதிகம் படித்தவன் இல்லை நான். எங்கே எந்த வார்த்தை போட்டால் என்ன அர்த்தம் ஆகுமோ என்கிற பயமும் உண்டு.

இனியும் எழுதாமல் இருந்தால் அது வேறு விதமான பாவம் என்று போன மாதம் தெரிந்தது. ஏன் என்று சொல்கிறேன். முதலில் அந்த மண்டபத்துக்கு வாருங்கள்.

பந்தி மேஜையில் பூனைகள்

ஒரு ஆடி மாசம். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் மண்டபத்துக்காரர் புண்ணியமாகப் போகட்டும் என்று சாப்பாட்டுக் கூடத்தைத் திறந்து விட்டிருந்தார். தெருப் பூனைகளுக்கும் வீட்டுப் பூனைகளுக்கும் கருத்தடை ஆபரேஷன்.

பந்திக்கு விரிக்கிற அதே பேப்பர் ரோலைத்தான் மேஜைகளில் விரித்திருந்தார்கள். இலை போடுகிற இடத்தில் பூனைகள் வரிசையாகப் படுத்திருந்தன. கூடத்தில் பழைய சாம்பார் வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து கிடந்தது. வெளியே எங்கோ கூழ் ஊற்றுகிறார்கள், மேளம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் ஒரு மடித்த சீட்டைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெள்ளைச் சீட்டு. அதில் ஒன்றுமே இல்லை. காலுக்குக் கீழே பிளாஸ்டிக் கூடைக்குள் கருப்பாயி கத்திக்கொண்டிருந்தது.

கருப்பாயி என் மனைவி ராஜேஸ்வரி வளர்த்த பூனை. ராஜி போன பிறகு வீட்டில் என்னைத் தவிர மூச்சு விடுகிற ஜீவன் அது ஒன்றுதான். சாயங்காலம் சரியாக அவள் உட்கார்ந்து பூ கட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் அன்றைக்குக் கருப்பாயி மயக்கம் தெளிந்து எழுந்திருக்குமா என்பது எனக்குச் சாதாரணக் கவலை இல்லை.

மண்டபத்துக்கு எப்படி வந்தோம்

பாரிவாக்கத்தில் நான் வீடு கட்டி வந்தபோது சுற்றிலும் காலி மனைதான். இப்போது வரிசையாக ஃப்ளாட். திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பூனைகளும் பெருகிவிட்டன. கார் மேலே ஏறுகிறது, மாடிப்படியில் குட்டி போடுகிறது என்று சத்தம். பிடித்துக்கொண்டு போய் எங்காவது விட்டுவிட வேண்டும் என்றார்கள் சிலர்.

எதிர் ஃப்ளாட்டில் இருந்த கயல் என்கிற பெண்தான் அதைத் தடுத்தாள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், தனியாக இருந்தாள். ஒரு டாக்டரம்மாவைப் பிடித்துப் பேசி முகாமுக்கு ஏற்பாடு செய்தாள். அவளும் ஒரு கடுவன் பூனை வைத்திருந்தாள். பழுப்பு நிறம், பேர் சுக்கு. மழையில் கார் பார்க்கிங்கில் நனைந்து கிடந்ததை எடுத்து வளர்த்தது.

எங்கள் தெரு சேகர்தான் ஆட்டோவில் எல்லாப் பூனைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தான். வழி முழுக்கக் கேலி.

"இன்னா அண்ணாத்தே, பூனைக்கு ஃபேமிலி பிளானிங்கா? நம்ம ஏரியால மன்சனே பண்ணிக்க மாட்டேன்றான்."

கயல் சிரித்தாள். சுக்கின் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ராத்திரியிலிருந்து சோறு போடாததால் அவன் தன்னை முறைக்கிறான் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இரண்டு கலவை

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். ஆனால் எல்லாவற்றையும் எங்களை உட்காரவைத்து விளக்கினார்.

பூனைக்கு மயக்கம் கொடுக்க இரண்டு விதமான ஊசிக் கலவை இருக்கிறதாம். இரண்டிலும் கீட்டமின் என்கிற மருந்து உண்டு. பழைய கலவையில் அதோடு சைலசின் சேரும். ரொம்ப நாளாக எல்லா இடத்திலும் போடுவது. பூனை வாந்தி எடுக்கும், உடம்பு சில்லிடும், தெளிய நேரமாகும். புதிய கலவையில் கீட்டமினோடு வேறு இரண்டு மருந்து. அந்தப் பேர்கள் என் வாயில் நுழையவில்லை. அதில் ஒரு சௌகரியம், ஆபரேஷன் முடிந்ததும் தெளிய வைக்கிற ஊசி ஒன்று போட்டால் பூனை சீக்கிரம் எழுந்துவிடும்.

இரண்டுமே டாக்டர்கள் போடுகிற மருந்துதான், இந்த மாதிரி முகாமுக்கு எது நன்றாக ஒத்துவருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம்.

பிறகு ஒரு டிபன் டப்பாவை எடுத்தார். உள்ளே மடித்த சீட்டுகள். சிவப்புப் பொட்டு வைத்த சீட்டு வந்தால் புதிய கலவை. வெறும் வெள்ளை என்றால் பழையது. பூனைக்காரர்களே எடுங்கள் என்று நீட்டினார்.

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சாமியைக் கும்பிட்டு எடுத்தார்கள். ஒரு அம்மா டப்பாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டாக்டரம்மா இதை எதிர்பார்க்கவில்லை போல, அவரைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

எங்களுக்குச் சீட்டு என்றால் அது சாமி வாக்கு. அவருக்கு அது வேறு என்னவோ. இந்த இடத்தில்தான் நாங்கள் எல்லோருமே தப்பாகப் புரிந்துகொண்டோம்.

ராஜி கேட்ட பூ

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ராஜிக்கு வயிற்றில் கட்டி. ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் செய்யச் சொன்னார். இன்னொருவர், சர்க்கரை இருக்கிறது, வயசும் ஆகிறது, மாத்திரையில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். எங்களுக்குப் புரியவில்லை. ராஜி மட்டும் தெளிவாக இருந்தாள். அம்மன்கிட்ட பூ கேட்டுடலாம் என்றாள்.

பூ கேட்பது உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக வெற்றிலையில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். ராஜி தன் கையாலேயே நந்தியாவட்டையையும் அரளியையும் மடித்தாள். மஞ்சள் நூலை ஒன்றுபோல் சுற்றி, எது எது என்று தனக்கே தெரியாமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி வைத்தாள். எதிர்வீட்டுக் குழந்தை எடுத்துக் கொடுத்தது.

நந்தியாவட்டை.

ராஜி அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பயப்படவே இல்லை. ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதுகூட, கருப்பாயிக்கு மத்தி மீன் வாங்கிப் போடுங்க, நெத்திலி போட்டா மூஞ்சி திருப்பிக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மயக்கத்தில் போனவள் தெளியவே இல்லை. இதயம் தாங்கவில்லை என்றார்கள். யார் மேலும் தப்பில்லை, எனக்கு அது தெரியும். உள்ளே கூப்பிட்டுக் காட்டியபோது அவள் கண் லேசாகத் திறந்திருந்தது. நான்தான் மூடினேன்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தை. அம்மன்கிட்ட பூ கேட்டுட்டுப் போயிருக்கலாமே என்று. கேட்டோம், வெள்ளைதான் வந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மன் பேர் கெட்டுவிடும். நான் பூ கேட்காத மடையனாகவே இருந்துவிட்டேன். தினமும் கோயிலுக்குப் போவதை விடவில்லை. விளக்கு போடுவதை விடவில்லை. அவளிடம் எதையும் கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

வெள்ளையும் சிவப்பும்

அப்படிப்பட்டவன் கையில்தான் அந்த வெள்ளைச் சீட்டு வந்தது. பழைய கலவை. தெளிய நேரமாகிற கலவை.

மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உங்கள் பூனையை இந்தக் கணக்கில் சேர்க்காமல் தாராளமாகப் புதியதே போட்டுவிடுகிறேன், சீட்டை மட்டும் திருப்பி எடுக்கச் சொல்லாதீர்கள் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார்.

"சார், என் கைக்கு விட்டா, நோஞ்சான் பூனையைப் பார்த்ததும் இதுக்குப் புதுசு போடலாம்னு மனசு சாயும். அப்புறம் எது நல்ல மருந்துன்னு எனக்கு எப்பவுமே தெரியாது. அதுக்குத்தான் சீட்டு. சீட்டுக்கு யார் மேலயும் பாசம் கிடையாது, கோபமும் கிடையாது. அது ஒண்ணும் சொல்லாது சார்."

அது ஒன்றும் சொல்லாது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. இந்த வெள்ளையைத் திருப்பிக் கொடுத்தால், ராஜி தலையில் வைத்துக்கொண்ட வெள்ளையையும் பொய் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றுதான் தோன்றியது. வேண்டாம்மா, வந்ததே இருக்கட்டும் என்றேன்.

அடுத்து கயல் எடுத்தாள். சிவப்புப் பொட்டு. என்னைப் பார்த்தாள்.

"நல்ல சீட்டும்மா உனக்கு. சுக்கு சீக்கிரம் எழுந்துடுவான் பாரு" என்றேன்.

சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

கருப்பாயிக்குத் தொடையில் ஊசி போட்டார்கள். கொஞ்சம் மஞ்சள் தண்ணீராக வாந்தி எடுத்தது. பிறகு தலை மெல்லச் சரிந்தது. ஆனால் கண் மூடவில்லை. இரண்டு கண்ணும் அகலத் திறந்து, எதையும் பார்க்காமல் நின்றது. என்னை அறியாமல் கையை நீட்டி அதன் கண்ணை மூடப் போனேன்.

டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கீட்டமின் போட்டால் கண் திறந்துதான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று சொல்லி, கண் காய்ந்துபோகாமல் இருக்கக் களிம்பு வைத்தார். வரிசையாக எல்லாப் பூனைக்கும் அப்படியே வைத்துக்கொண்டு போனார்.

ஆபரேஷன் முடிந்து கருப்பாயியை என்னிடம் கொடுத்தார்கள். காது சில்லென்று இருந்தது. பாட்டிலில் வெந்நீர் பிடித்துத் துணியில் சுற்றி அணைத்து வைக்கச் சொன்னார்கள். ராஜியின் பழைய கைத்தறிப் புடவை ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதில் சுற்றிக்கொண்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன்.

எதிரே கயல். சுக்கு ஆண் பூனை, சீக்கிரம் முடிந்துவிட்டது. தெளிய வைக்கிற ஊசியும் போட்டாகிவிட்டது. அந்தப் பக்கம் சிவப்புப் பொட்டுப் பூனைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. சுக்கும் தூக்கினான். கயல் அவன் பேரைச் சொன்னாள். அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

பிறகு வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தான். பூனை அப்படி மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா ஓடி வந்தார். ஆக்ஸிஜன் வைத்தார், ஊசி போட்டார், இரண்டு விரலால் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பேப்பர் ரோல் மேஜையிலிருந்து நழுவித் தரையெல்லாம் விரிந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

சுக்கு போய்விட்டான்.

சாயங்காலம்

பிறவியிலேயே இதயச் சுவர் தடித்திருக்கும் சில பூனைகளுக்கு, ஓடியாடி விளையாடும், வெளியே தெரியாது, ஸ்டெத் வைத்துக் கேட்டும் எனக்குத் தெரியவில்லை, அதுவாகத்தான் இருக்க வேண்டும், எந்தக் கலவை போட்டிருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டுக் கை கழுவுகிற குழாய்ப் பக்கம் போனார். பந்தி முடிந்து கை கழுவுகிற அந்த நீளத் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்று அழுதுகொண்டிருந்தார்.

கயல் அழவில்லை. சுக்கை டவலில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். அதே நேரத்தில்தான் என் மடியில் புடவை அசைந்தது. கருப்பாயி தலையைத் தூக்கியது, விழுந்தது, மறுபடி தூக்கியது. குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து என் சட்டைப் பொத்தானை நக்கியது.

எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை. புடவையால் அதை மூடினேன்.

"நல்ல சீட்டுன்னு சொன்னீயளே அங்கிள்" என்றாள் கயல்.

குறையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். அதுதான் என்னை உடைத்துவிட்டது. யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். வெற்றிலை, மஞ்சள் நூல், நந்தியாவட்டை, எல்லாம்.

"வெள்ளைதாம்மா வந்துச்சு. தலையில வச்சிகினு சிரிச்சிகினே போனா."

அவள் சுக்கின் மேல் டவலை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்போ அம்மன் பொய் சொல்லிட்டாளா அங்கிள்?"

"தெர்லம்மா. கேக்க பயந்துகினு இத்தினி நாளா கேக்கவே இல்ல."

அவள் குழாய்ப் பக்கம் பார்த்தாள். டாக்டரம்மா இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

"பொய் சொல்லியிருக்க மாட்டா. பூவுல அவ ஒண்ணும் சொல்லியே இருக்க மாட்டா. அந்தா டாக்டர் நிக்காங்கல்லா, அது மாதிரி எங்கேயாவது நின்னு அழுதிருப்பா."

சின்னப் பெண். துக்கத்தில் ஏதோ சொன்னாள். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் கழன்று விழுந்தது. நான் இத்தனை வருஷம் மூடி மறைத்தது அம்மன் செய்த தப்பே இல்லை. அவள் பேசினாள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டது.

சுக்கை எங்கள் தெருக் கோடியில் காலி மனையில் புதைத்தோம். சேகர்தான் குழி தோண்டினான். அன்றைக்கு அவன் கேலி எதுவும் பேசவில்லை. ஆட்டோவில் மாட்டியிருந்த எலுமிச்சம்பழத்தையும் பூச்சரத்தையும் கழற்றிக் கொண்டுவந்து மண்மேல் வைத்தான்.

ஊர் சொல்கிற கதை

கயல் கொஞ்ச நாளில் வேறு வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டாள். டாக்டரம்மா எல்லா முகாம்களையும் முடித்துவிட்டு ஒருமுறை சொன்னார். மொத்தத்தில் பார்த்தால் புதிய கலவையில்தான் பூனைகள் சீக்கிரம் தெளிகின்றன, அவ்வளவாகச் சில்லிடுவதும் இல்லை, இனி அதையே போடப்போகிறேன் என்று. ஒரு சுக்கை வைத்துப் புதியது கெட்டது என்று சொல்ல முடியாது சார், ஒரு கருப்பாயியை வைத்துப் பழையது நல்லது என்றும் சொல்ல முடியாது என்றார்.

ஆனால் எங்கள் பக்கத்தில் கதை வேறு மாதிரி கிளம்பிவிட்டது. நடேசனுக்கு, அதாவது எனக்கு, அம்மன் வெள்ளைச் சீட்டு கொடுத்துப் பூனையைக் காப்பாற்றினாள் என்று. சிவப்பு வந்தால் சாவு, வெள்ளை வந்தால் பிழைப்பு என்று. பழைய ஊசிதான் வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் சண்டை பிடித்தவர்களும் உண்டு. முதலில் மறுத்துச் சொன்னேன். சாமி விஷயத்தில் அடக்கமாகப் பேசுகிறார் என்று அதற்கும் ஒரு பேர் வைத்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் ஆவடியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் வெற்றிலையில் மடித்த இரண்டு பொட்டலம். மகனுக்கு இதயத்தில் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்களாம். வெள்ளைச் சீட்டுக்காரர் கையால் ஒன்று எடுத்துக் கொடுங்கள் என்று என் வாசலில் உட்கார்ந்துவிட்டார். கருப்பாயி வந்து அவர் பொட்டலத்தை மோந்து பார்த்தது. ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாக முகாமில் நுனி நறுக்கின காதோடு, கிழடாகி, இன்னும் இருக்கிறது அது. அந்த அம்மா அதைத் தொட்டுக் கும்பிட்டார்.

நான் பொட்டலத்தைத் தொடவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ராஜியின் கதையையும் சுக்கின் கதையையும் முழுதாகச் சொன்னேன். டாக்டரிடமே இன்னொரு தடவை எல்லாவற்றையும் கேளுங்கள், அம்மன்கிட்ட உங்கள் பயத்தை மட்டும் சொல்லுங்கள், பதில் கேட்காதீர்கள் என்றேன். அவர் அழுதுகொண்டே எழுந்து போனார். பொட்டலங்களை எடுத்துக்கொண்டுதான் போனார். என்ன முடிவு செய்தாரோ, பையன் எப்படி இருக்கிறானோ, எனக்குத் தெரியாது. தினமும் விளக்கு போடும்போது அந்தப் பையனையும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்களை ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நடந்தது இவ்வளவுதான். யாருக்காவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள், கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கருப்பாயி பிழைத்ததைச் சொல்கிறவர்கள், சுக்கு செத்ததையும் சொல்லுங்கள். எனக்கு வெள்ளை வந்ததைச் சொல்கிறவர்கள், ராஜிக்கு வந்ததும் வெள்ளைதான் என்று சொல்லுங்கள். அவளை விட்டுவிட்டு மட்டும் இந்தக் கதையைச் சொல்லாதீர்கள்.